கிளப் முதலாளியை நேரில் பார்த்த அனுபவம் உண்டா?

வேன்காரர், சுங்கை சிப்புட்:

2025-ல் எங்கள் பேராக் காற்பந்துக் குழு மலேசிய சூப்பர் லீக்கை விட்டு விலகியதே, அந்தச் செய்தி எனக்கு மாமாக் கடையில் தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்த பையன் சொல்லித்தான் தெரியும். 2018-ல் திரெங்கானுவோடு 3-3 வரை போய் பெனால்டியில் மலேசியக் கிண்ணத்தைத் தூக்கின குழு. இருபது வருடமாகத் தோட்டத்துப் பையன்களை வேனில் ஏற்றி ஈப்போ ஸ்டேடியத்துக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தவன் நான். ஆளுக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்), காசில்லாதவன் அடுத்த மாதம் தருவான், சிலர் இன்னும் தரவில்லை.

சரி, என் அனுபவம். இது பேராக் கிடையாது, வேறொரு கிளப்பின் முதலாளி, பெயர் வேண்டாம். ஒரு கல்யாண விருந்தில் பக்கத்து மேசையில் இருந்தார். கை கழுவும் இடத்தில் பிடித்துக்கொண்டேன். "டத்தோ, பையன்களுக்குச் சம்பள பாக்கி எப்போது கிடைக்கும்?" கோபப்படவில்லை, சிரித்தார். போவது என் பணம், உனக்கு என்ன நட்டம் என்று கேட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் சிம்மோர் தாண்டும்போதுதான் வந்தது, யாரிடம் சொல்ல? கிளப்புகள் தனியார் கைக்குப் போவதற்கு முன்னால் பல மாநிலங்களில் மாநில முதலமைச்சரான மந்திரி பெசார்தான் காற்பந்துச் சங்கத் தலைவர், மாநிலப் பணம் கொட்டித்தான் அந்தப் பெயரே வளர்ந்தது. அந்தப் பெயர், கொடியின் நிறம், டிக்கெட் வாங்கி உட்காரும் கூட்டம் எல்லாவற்றையும் சேர்த்துத்தானே இவர் எடுத்துக்கொண்டார், அதற்குக் கணக்குக் காட்ட வேண்டாமா?

உங்களுக்கு நடந்ததையும் போடுங்கள்.

லயத்து வீட்டுக்காரி:

அண்ணே, என் தம்பி ஒரு கிளப்பில் ஆடினான், எதுவென்று கேட்காதீர்கள். அம்மா செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கிச் சேர்த்த காசில் அவனுக்கு முதல் பூட்ஸ் வாங்கினோம். நாலு மாதச் சம்பளம் வரவில்லை. சேமநிதிக் கணக்கைத் திறந்து பார்த்தால் அதற்கு முந்தின மாதங்களுக்கும் ஒன்றும் கட்டவில்லை, ஆனால் சம்பளச் சீட்டில் மட்டும் பிடித்திருக்கிறார்கள்! காலையில் பயிற்சி, ராத்திரி மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. ஒரு நாள் முதலாளி திடலுக்கே வந்தாராம், எல்லோருக்கும் கை கொடுத்தாராம், சனிக்கிழமை ஜெயித்தால் போனஸ் என்றாராம். பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். தம்பி இப்போது தொழிற்சாலையில் இருக்கிறான். பந்து இருக்கும் பக்கமே போவதில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

நான் முதலாளியைப் பார்த்ததில்லை, ஆனால் ஒரு முதலாளியால் என் மகள் சங்கடப்பட்டாள். 2013-ல் அவள் பிரிட்டனில் கார்டிஃபில் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே கார்டிஃப் சிட்டி கிளப் நம் நாட்டு வின்சென்ட் டானுடையது. காலங்காலமாக நீலம் போட்ட குழுவுக்கு, பட்டப்பெயரே நீலப் பறவைகள், 2012-ல் சிவப்பு ஜெர்சி மாட்டிவிட்டார். மகள் வாடகை வீட்டுக்காரக் கிழவியிடம் மலேசியா என்று சொன்னதும் தேநீர் ஊற்றுவது பாதியில் நின்றுவிட்டதாம். பிறகு அந்த அம்மாளே சிரித்துக்கொண்டு, செத்துப்போன கணவரின் நீல மப்ளரைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். டான் அந்தக் கிளப்பில் கொட்டின பணம் கொஞ்சமில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் 2015 ஜனவரியில் நீலத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

நமக்கு இது புதிதா என்ன? ரப்பர் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில் துரை விற்றுவிட்டுப் போனார், வாங்கினவருக்குப் பால்மரம் மட்டும்தான் கண்ணில் பட்டது, கோயிலும் பள்ளிக்கூடமும் திடலும் யார் கணக்கிலும் வரவில்லை. அதற்காகத்தான் நம்ம ஊர்க்காரர், அப்போது அமைச்சராயிருந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், பால் வெட்டுகிறவனே பங்குதாரன். அமெரிக்காவில் கிரீன் பே என்று ஒரு சின்ன ஊர், ஜனத்தொகை ஒரு லட்சம் சொச்சம். அந்த ஊரின் அமெரிக்கக் கால்பந்துக் குழு பேக்கர்ஸும் 1923-லிருந்து அப்படித்தான் நடக்கிறது. இன்று 5 லட்சத்துக்கு மேல் பங்குதாரர்கள், ஒருவருக்கும் லாபப் பங்கு கிடையாது, குழுவை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக ஒரு முதலாளியும் கிடையாது. இன்னொரு பக்கம் ஓக்லண்டிலிருந்து 2020-ல் லாஸ் வேகஸுக்குப் போன ரேய்டர்ஸ், அதுவும் அதே ஆட்டத்துக் குழுதான். புது அரங்குக்கு ஹோட்டல் அறை வரியிலிருந்து 75 கோடி டாலர். அங்கே வரிப்பணம், இங்கே ஓக்லண்டில் கத்திக் கத்தித் தொண்டை கட்டினவன் கையில் பழைய டிக்கெட்.

பழைய கோல்கீப்பர்:

எல்லாம் சரி, வாத்தியாரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். நம்மவர்கள் குழு என்று ஆரம்பித்த மீஃபா, அதாவது மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் குழு, பிஜே சிட்டி என்று பெயர் மாறி 2019-ல் சூப்பர் லீக்கிலேயே ஆடியது. எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? நான் ரெண்டே தடவை போனேன், ரெண்டு தடவையும் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு பார்க்கலாம் போல இடம் கிடந்தது. 2022 சீசனோடு விலகிவிட்டார்கள், அப்புறம் மட்டும் பேஸ்புக்கில் ஒரே ஒப்பாரி. முதலாளி நமக்குக் கடன்பட்டவர் என்பது உண்மைதான், ஆனால் இரவுச் சந்தையில் போலி ஜெர்சி வாங்கிப் போட்டுக்கொண்டு கேட்டால் எப்படி?

வேன்காரர்:

தம்பி, அதை ஒத்துக்கொள்கிறேன். சம்பளமும் சேமநிதியும் கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் கட்ட வேண்டியது, அதில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். மூட்டை கட்டப் போகிறார் என்றால் சீசன் நடக்கும்போதே ஊருக்குச் சொல்லட்டும், வேறு ஆள் தேட நேரம் கிடைக்கும்.

ஜெர்சி விஷயம்... என்னுடையதும் இரவுச் சந்தைதான், 25 வெள்ளி. ரெண்டாவது சலவையிலேயே எண் உரிந்துவிட்டது.