மோனோ சிந்த்த கச்சேரிக்கு தூக்கிட்டுப் போனவங்க அனுபவத்தப் போடுங்க

பேட்டை கீபோர்டு:
விலை கம்மியா வந்திருக்க மோனோ சிந்த், அதான் ஒரு நேரத்துல ஒத்த நோட்டு மட்டும் பேசுத அனலாக் சிந்தசைசர் பெட்டி, இப்ப நம்ம பக்கம் நெறைய பேருட்ட இருக்கு, அதனால அதுக்கு மேல வெளக்கல. நாங்குநேரி பக்கம் ஒரு அம்மன் கோயில் கொடை, ராத்திரி மெல்லிசை, பேஸ் லைனுக்குன்னு கொண்டுபோனேன். சாயங்காலம் செட் பண்ணிட்டு இருக்கும்போது குரூப் ஓனர் அண்ணாச்சி வந்து சி மேஜர் கார்டு அமுக்குனாவ. ஒரு சத்தந்தான் வந்துச்சு. மறுபடி அமுக்குனாவ, அதே ஒத்த சத்தம். "ஏல, மூணு கட்டைய அமுக்குதேன் ஒண்ணுதாம்ல பேசுது, மத்த ரெண்டும் செத்துப்போச்சா, உன் தலையில கட்டிட்டானா கடக்காரன்"னாவ. மேளக்காரங்க பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்தாங்க. நாதஸ்வர ஆசான் பைய சொல்லுதாரு, "என் வாத்தியத்துல மட்டும் என்ன, ரெண்டு சத்தமா வருது?" அண்ணாச்சிக்கு பதில் இல்ல.

நான் ஒரு நோட்ட புடிச்சுக்கிட்டே கட்ஆஃப் குமிழ, அதான் ஃபில்டர தொறந்து அடைச்சு சத்தத்த பளிச்சுன்னும் மந்தமாவும் ஆக்குத குமிழ, திருப்புனேன். ஆசான் டம்ளர கீழ வச்சிட்டாரு. எந்திரிச்சு வந்து அவரே குமிழப் புடிச்சாரு, விரல் நுனியால, சீவாளிய சரிபண்ணுத மாதிரி. கொஞ்சம் தொறக்காரு, அடைக்காரு, ஒரு எடத்துல நிறுத்தி காத சாய்ச்சு கேக்காரு. பொறவு கைய துண்டுல தொடச்சிட்டுப் போயிட்டாரு. நல்லாருக்குன்னும் சொல்லல நல்லால்லன்னும் சொல்லல. ஆளு என்னதான் நெனச்சாருன்னு இன்னைக்கு வரைக்கும் மண்டைய கொடையுது.

அம்பை ராகம்:
நமக்கு வெயில்தான் எமன். வீட்டு ரூம்ல டியூன் பண்ணி வச்சது, மேடையில தகரப் பந்தலுக்குக் கீழ, ஃபோகஸ் லைட்டு சூட்டுல நழுவிருச்சு. ரெண்டாவது பாட்டு சரணத்துல பாடுத அக்கா மைக்க எறக்கிட்டு என்னைத் திரும்பிப் பாத்தாவ பாருங்க, சென்மத்துக்கும் மறக்காது. நெல்லச் சீமை சித்திரை வெயிலுக்கு அனலாக் ஆவாது, அவ்வளவுதான்.

கல்லிடை பேரன்:
நம்ம கதை சின்னது. ராத்திரி ஹெட்போன் இல்லாம ரெசனன்ஸ, அதான் ஃபில்டர் வெட்டுத எடத்துல சத்தத்த தூக்கிக் காட்டுதத, ஏத்தி அடி நோட்ட புடிச்சு வச்சிருந்தேன். ஆச்சி டார்ச் எடுத்துட்டு கெணத்தடிக்குப் போயி மோட்டாரு தண்ணியில்லாம ஓடுதான்னு பாத்துட்டு வந்தாவ.

வண்ணாரப்பேட்டை சவுண்டு:
அம்பைக்காரர் சொல்லுதத ஒத்துக்க முடியாதுவே. சத்தத்த உண்டாக்குத ஆசிலேட்டர் சூட்டுக்கு நகரத்தான் செய்யும், 1970ல வந்த மினிமூக் சிந்த் இருக்குல்லா, அதையே முன்னாடி போட்டு சூடேத்திட்டுதான் டியூன் பண்ணுவாங்க. நீங்க வீட்டு ரூம்ல டியூன் பண்ணிட்டு வெயில்ல வச்சா அது என்ன செய்யும்? மேடையில வச்ச ஒடனே ஸ்விட்ச போட்டுருங்க, ஒரு அரை மணி நேரம் சும்மா கெடக்கட்டும், பொறவு டியூனர் வச்சு பாருங்க, இடைவேளையில இன்னொருக்க பாருங்க. ஃபேன் காத்து நேரா படாம பாத்துக்கிடுங்க. ஜெனரேட்டர் கரண்ட நம்பாதீங்க, பேட்டரியில ஓடுததுன்னா பேட்டரியே போடுங்க. அடாப்டர் மாத்தி வாங்குனா வோல்ட்டு மட்டும் பாக்காம, முனையில நடுக்கம்பி பிளஸ்ஸா மைனஸ்ஸான்னும் பாக்கணும். மைக்ரோப்ரூட் சிந்த் மாதிரி ப்ரீசெட் (செட் பண்ண சத்தத்த சேமிச்சு வைக்கிற வசதி) இல்லாததுன்னா ஒவ்வொரு பாட்டுக்கும் குமிழ் எங்கன நிக்குன்னு செல்லுல போட்டோ எடுத்து வச்சுக்கிடுங்க. கார்க் மோனோலாக் சிந்த்ல மைக்ரோ டியூனிங், அதான் ஒவ்வொரு சுரத்தையும் நுணுக்கமா ஏத்தி எறக்குத வசதி, வேற இருக்கு, ஏஃபெக்ஸ் ட்வின்ங்கற எலக்ட்ரானிக் இசைக்காரர் கூட சேந்து பண்ணுனது, தோடி ராகத்துக்கு காந்தார சுரத்த வேணுங்கற அளவுக்கு எறக்கி வச்சுக்கிடலாம். என் அனுபவம்னா, பாளையங்கோட்டையில ஒரு கல்யாண வீட்டுல வாசிச்சேன், ஒண்ணும் ஆவல.

அம்பை ராகம்:
வெறும் காந்தாரத்த எறக்குனா தோடி வந்துருமாவே? அசைவுக்கு எங்க போவீரு? அதுக்கு ஒரு சுரத்துலருந்து அடுத்ததுக்கு வழுக்கிட்டுப் போக வைக்கிற கிளைடு குமிழையும், சுரத்த வளைக்கிற பிட்ச் பெண்டையும் சேத்து பழகணும். முதல்ல ஒரு கட்டைய விடாம அடுத்த கட்டைய அமுக்கிப் பழகச் சொல்லும் பிள்ளைகள, ஒத்த நோட்டு பெட்டியோட ருசியே அங்கனதான் இருக்கு. போட்டோ யோசனை மட்டும் கொள்ளாம்.

டவுண் ஆப்பு:
இதெல்லாம் செல்போன் ஆப்புலயே வருதே, எதுக்கு காச கரியாக்குதிய?

கல்லிடை பேரன்:
ஆப்புல ஆச்சி கெணத்தடிக்குப் போமாட்டாவ.

பேட்டை கீபோர்டு:
அடாப்டர நான் கேக்கவே இல்லையே சவுண்டு அண்ணாச்சி. நீங்க சவுண்டு ஆளுல்லா, இதுக்கு வழி சொல்லுங்க: அன்னைக்கு ராத்திரி மேடைக்கு முன்னால பாக்ஸ்ல பேஸ் நெஞ்ச இடிச்சுது, தெருவுல கட்டுன கூம்பு ஸ்பீக்கர்ல ஒண்ணுமே இல்ல, கட்டை தட்டுத டிக் டிக்குதான் கேட்டுச்சாம். அந்தக் கூம்புல அடி சத்தம் வராதுன்னு தெரியும். ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேல ஏத்தி வாசிக்கவா, இல்ல ஃபில்டர தொறந்து கொஞ்சம் கரகரப்பு சேத்தா தெருக்கோடி வரைக்கும் போவுமா? அடுத்த கொடை வள்ளியூர்ல, ஓனரு அதே பெட்டியத்தான் கொண்டாரச் சொல்லிருக்காவ.