விருது விழா, வர்த்தகச் சந்திப்பு: கொழும்பில் உங்களுக்கு நடந்தது என்ன?

கொட்டாஞ்சேனை, மசாலாத்தூள் உற்பத்தி

நம்மவர்கள் நிறையப் பேர் இப்போது விருது விழாக்களுக்கும் வர்த்தகச் சந்திப்புகளுக்கும் போய் வருகிறார்கள். மேடையில் கேடயத்தோடு நிற்கிற படம் வட்ஸ்அப்பில் வருகிறது, வாழ்த்துகிறோம், அதோடு சரி. அங்கே யாரைச் சந்தித்தார்கள், என்ன கேட்டார்கள், அதனால் தொழிலுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் எழுதக் காணோம். எழுதினால் அடுத்ததாகப் போகிறவருக்கு உதவும். நானே தொடங்குகிறேன்.

ஜம்பட்டா வீதிப் பக்கம் எங்களுடையது சிறிய மில். மிளகாய்த்தூள், வறுத்த கறித்தூள், மல்லித்தூள் போடுகிறோம். வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அக்கம்பக்கத்துப் பெண்கள். சிறு தொழில் முயற்சியாளர்களுக்கான ஒரு போட்டிக்கு விண்ணப்பித்தேன். முதலில் மாகாண மட்டம், அதில் வென்றால் தேசிய மட்டம். தொழில் பெயர்ப் பதிவு, கணக்காளர் கையெழுத்திட்ட வருடக் கணக்கு, பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அறிக்கை, ஊழியர்களுக்கு ஈ.பீ.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டிய பற்றுச்சீட்டு என்று நீளமான பட்டியல் கேட்டார்கள். அதைக் கொடுத்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தோம். நடுவர்கள் இரண்டு பேர் மில்லுக்கே வந்துவிட்டார்கள்.

அதில் வயதான ஐயா ஒருவர் உணவுத் தொழில்நுட்பம் படித்தவர். வந்ததும் தேநீர்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேரே சல்லடைக்குப் போனார். "இந்தக் கம்பி வலை அறுந்து ஒரு துண்டு தூளில் விழுந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். தூள் விழும் வாயில் காந்தம் வைத்திருக்கிறோம் என்றேன். கழற்றச் சொல்லி, ஒரு வெள்ளைத் துணியால் அதைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, செத்தல் மிளகாய் மூட்டை வந்து இறங்கும்போது ஈரப்பதம் பார்க்கிறீர்களா, பார்த்தால் எழுதி வைக்கிறீர்களா என்று கேட்டார். எங்களிடம் ஒரு சி.ஆர். கொப்பி இருக்கிறது. திகதி, மூட்டை இலக்கம், எந்தக் கடையில் எடுத்தது, திருப்பி அனுப்பினோமா, எல்லாம் அதில் தமிழில் இருக்கும். எங்கள் பிள்ளை ஒருத்தி ஒவ்வொரு வரியாக வாசித்துச் சிங்களத்தில் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, நடுவில் ஒரு திகதியைக் காட்டி, "இந்த மூட்டையில் அரைத்த தூள் எந்தக் கடைகளுக்குப் போனது?" என்றார். அதற்கான பில் புத்தகத்தையும் எடுத்துக் காட்டினோம். மற்ற நடுவர் ஈ.பீ.எஃப். சி படிவத்தை எடுத்து, அதில் உள்ள பெயர்களை மில்லில் நின்றவர்களோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

மாகாணத்தில் மூன்றாம் இடம் கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் எனக்குப் பெரிய விஷயம் அந்தப் பகல்தான். எங்கள் தூளை அவ்வளவு அக்கறையாக அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. பெயரைக் கூப்பிட்டபோது எங்கள் பெண்கள் மண்டபத்தின் பின்வரிசையில் எழுந்து நின்று கைதட்டினார்கள், காரணம் சி படிவத்தில் அவர்களுடைய பெயரும் இருந்தது.

அன்று இரவு ஒரு சுப்பர்மார்க்கட்டின் கொள்வனவு அலுவலர் வந்து பேசினார். முதல் கேள்வியே பார்கோட். இலங்கையில் பதிந்த பார்கோட் 479 என்று தொடங்கும், அது இல்லாமல் பொதியைத் தட்டில் வைக்க மாட்டார்கள். பார்கோட் எடுத்து அவர்களுக்குச் சாமான் கொடுக்கத் தொடங்கினோம். சாமான் கொடுத்தால் காசு கைக்கு வர மாதக்கணக்காகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கையில் முதல் இல்லாதவர்கள் அதற்கு அவசரப்பட வேண்டாம்.

செட்டியார் தெரு, நகைக்கடை

அக்கா, உங்களுக்கு நடுவர் வந்திருக்கிறார். எங்களுக்கு வந்தது தொலைபேசி அழைப்பு.

"உங்கள் கடை இந்த வருடத்தின் சிறந்த நகைக்கடையாகத் தெரிவாகியிருக்கிறது, வாழ்த்துகள்" என்று ஒரு குரல். நாங்கள் எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. யார் தெரிவு செய்தது என்று கேட்டேன். நடுவர் குழு என்றார். நடுவர்கள் யார் என்றால், விழாவன்று அறிவிப்போம் என்றார். அப்புறம் விலை வந்தது. மேசை ஒன்றுக்கு இவ்வளவு, மேடையில் பிரமுகரோடு படம் எடுக்க இவ்வளவு, சஞ்சிகையில் முழுப்பக்கம் என்றால் இன்னும் இவ்வளவு. மூன்று விதமான பொதி இருக்கிறதாம், பெரிய பொதிக்குப் பெரிய கேடயம்.

அப்பா கல்லாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். போனை வாங்கி, "தம்பி, எங்கள் தராசை வருடா வருடம் அளவீட்டுத் திணைக்களத்தில் பார்த்து முத்திரை போடுகிறார்கள். எனக்கு அந்த முத்திரை காணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு இதில் உண்மையாகவே கோபம். இந்தத் தெருவில் நகை வாங்க வருகிறவர்கள் மகளின் கல்யாணத்துக்காக வருடக்கணக்கில் சேர்த்த காசோடு வருகிறார்கள். கண்ணாடி அலுமாரியில் கேடயத்தைக் கண்டால், யாரோ தங்கத்தை உரைத்துப் பார்த்துத்தான் கொடுத்திருப்பார்கள் என்று நம்புவார்கள். அந்த நம்பிக்கையைத்தான் விற்கிறார்கள். தங்கத்தின் தரம் தெரிய வேண்டுமென்றால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையில் கொடுத்துப் பார்க்கலாம், அங்கே மாற்று எவ்வளவு என்று எழுதித் தருவார்கள். வாடிக்கையாளர் கேட்டால் நாங்களே அங்கே போகச் சொல்கிறோம்.

இரண்டாம் குறுக்குத் தெரு, துணி மொத்த வியாபாரம்

தம்பி, இதே மாதிரி எங்களுக்கும் வந்தது. எங்களுக்குச் சிங்களத்தில் பேசினார்கள், விலை மட்டும் வேறு. நான் கேட்டது ஒன்றுதான்: "போன வருடம் இதே விருது வாங்கிய கடைக்காரர் யார், அவரோடு பேசலாமா?" பிறகு அழைப்பே வரவில்லை.

சந்திப்பு என்று சொன்னால் எனக்கு நோன்பு காலத்து இப்தார்தான். எங்கள் சங்கத்து இப்தாருக்குச் செட்டியார் தெரு ஆட்களும் வருவார்கள், மெயின் வீதிச் சிங்கள முதலாளிமாரும் வருவார்கள். கஞ்சி குடித்து முடியும்போது ஒரு வருடத்துக் கணக்குப் பிணக்கு ஒன்று தீர்ந்திருக்கும். நான் பார்த்திருக்கிறேன், அல்ஹம்துலில்லாஹ்.

பழைய சோனகத் தெரு, இரும்புச்சாமான் கடை

நானா சொன்னதை நானும் சொல்கிறேன். எங்கள் தெருவில் அறிமுகம் என்பது நின்றபடியே நடக்கிற காரியம். நாட்டாமிகள், அதாவது மூட்டை சுமப்பவர்கள், தள்ளுகிற வண்டி நகர இடமில்லாமல் நிற்கிற நேரத்தில் பக்கத்துக் கடைக்காரரோடு நாலு வார்த்தை பேசுவோம், அதில்தான் எந்தக் கப்பலில் கம்பி வருகிறது, எவருடைய செக் திரும்பியது எல்லாம் தெரியும்.

2022 ஞாபகம் இருக்கிறதல்லவா? மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவில் நின்ற டொலர் மே மாதம் 360 வரை போனது. வங்கியில் எல்.சி. (இறக்குமதிக்கான கடன் கடிதம்) திறக்க முடியவில்லை. காலையில் சொன்ன விலை மத்தியானம் இல்லை. நான் ஒரு வீட்டு வேலைக்குக் கம்பியும் ஆணியும் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன், முற்பணமும் வாங்கியாயிற்று. எனக்குச் சரக்கு தர வேண்டியவர் பின்வரிசையில் கடை வைத்திருக்கிற ஒரு ஹாஜியார். போய்க் கேட்டேன். அவர் தன்னுடைய சிறிய கொப்பியைப் புரட்டி, "நான் விலை சொன்ன திகதி இது. அந்த விலைதான்" என்று லொறியில் ஏற்றிவிட்டார். அன்றைக்கு அதை இன்னொருவருக்கு விற்றிருந்தால் அவருக்கு எத்தனை இலட்சம் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கு எந்த மேடையிலும் யாரும் கேடயம் கொடுக்கவில்லை.

கொழும்பில் வர்த்தக சம்மேளனம் 1839இல் தொடங்கியது. ஆனால் எங்கள் தகப்பன்மார் காலத்தில் அந்தப் படியில் ஏற நினைத்த சில்லறைக் கடைக்காரன் ஒருவனையும் எனக்குத் தெரியாது. கொட்டாஞ்சேனைப் பிள்ளை போய் நிற்பதைப் பார்க்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் பிள்ளை, கடன் கேட்கப் போனால் கேடயத்தைக் காட்டாதே, கொப்பியைக் காட்டு.

தெஹிவளை, கணினி மென்பொருள்

எங்கள் தொழிலுக்குத் தெரு இல்லை ஐயா, அதனால் நான் சந்திப்புகளுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டலில் மாதா மாதம் நடக்கும். ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் எழுந்து தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில்.

ஒரு தடவை மன்னாரிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். கருவாடும் இறால் பொடியும் பொதி செய்து விற்பவர். தன் முறை வந்ததும், "தமிழில் சொல்லலாமா?" என்று கேட்டார். தலைமை தாங்கியவர் சிங்களவர், தாராளமாக என்றார். யாராவது மொழிபெயர்க்க முடியுமா என்று பார்த்தபோது நான் எழுந்தேன். எந்த மீனை எத்தனை நாள் காய வைப்பது, மணல் ஒட்டாமல் இருக்கத் தரையில் போடாமல் உயரத்தில் வலைத்தட்டு கட்டியது, மழை வந்தால் என்ன செய்வது என்று அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு நிமிடம் தாண்டியும் யாரும் நிறுத்தவில்லை. நடுவில் ஒருவர் கிலோ என்ன விலை என்று கேட்டார். அம்மா என் கையைத் தட்டி, "தம்பி, விலையை இப்ப சொல்லாத. சாம்பிள் தாறன், சமைச்சுப் பாத்திட்டுக் கேக்கட்டும் எண்டு சொல்லு" என்றார். அப்படியே சொன்னேன். கூட்டம் கலைந்ததும் ஒரு ஹோட்டலின் கொள்வனவுப் பொறுப்பாளர் உட்பட ஆட்கள் அவர் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

எனக்கு அங்கே கிடைத்தவர் தேயிலைத் தரகு நிறுவனத்தில் வேலை செய்த ஒருவர். கொழும்புத் தேயிலை ஏலம் 1883இலிருந்து மண்டபத்தில் வாயால் கேட்டு நடந்தது. 2020இல் கொரோனா வந்ததும் இணையத்துக்கு மாறியது. அந்த மாற்றத்தின்போது எவ்வளவு சிரமப்பட்டார்கள் என்று தட்டில் இருந்த சாப்பாடு ஆறும்வரை சொன்னார். நான் என்னுடைய மென்பொருளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, கேள்வி மட்டும் கேட்டேன். மறுநாள் காலையில் அவர் சொன்ன சிக்கல் ஒன்றை எப்படித் தீர்க்கலாம் என்று அரைப்பக்கம் எழுதி அனுப்பினேன். வேலை அந்த அரைப்பக்கத்தால் வந்தது. வாங்கிய கார்டுகளை மேசை லாச்சியில் போட்டு வைப்பவர்களுக்கு இந்தச் சந்திப்புகளால் ஒன்றும் நடக்காது.

வெள்ளவத்தை, கணக்காளர்

விருது கேட்கும் ஆவணங்கள் பற்றி ஒரு வார்த்தை. நல்ல தொழில் செய்கிற என் வாடிக்கையாளர் ஒருவர் விண்ணப்பப் படிவத்தைப் பார்த்துவிட்டு, "வருட விற்பனையை இதில் உண்மையாக எழுத முடியாதே" என்றார். 2024 ஜனவரி 1 முதல் வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதமானது. அதே நேரம், வற்றுக்குப் பதிய வேண்டிய விற்பனை எல்லை வருடத்துக்கு 8 கோடி ரூபாவிலிருந்து 6 கோடிக்கு இறங்கியது. அந்தப் பயத்தில் பலர் விற்பனையைக் குறைத்துக் காட்டுகிறார்கள். குறைத்துக் காட்டினால் விருது மட்டுமா போகிறது? வங்கிக் கடனும் அந்தக் குறைந்த கணக்குக்குத்தான் கிடைக்கும். அவரிடம் அதையே சொன்னேன், இப்போது பதிந்துவிட்டார்.

ஏற்றுமதி செய்கிறவர்கள் ஏற்றுமதி அபிவிருத்திச் சபையின் ஜனாதிபதி ஏற்றுமதி விருதைப் பாருங்கள். 1981இலிருந்து இருக்கிறது. அங்கே ஏற்றுமதிக் கணக்கு பேசும், மேசை வாங்கி உள்ளே போக முடியாது. வென்றாலும் தோற்றாலும் அந்தக் கோப்பைத் தயாரிக்கிற வேலை உங்கள் நிறுவனத்துக்கு நல்லது.

கொட்டாஞ்சேனை, மசாலாத்தூள் உற்பத்தி

ஐயா, நீங்கள் சொன்னபடி கொப்பியைத்தான் வங்கிக்கும் கொண்டு போனேன். முகாமையாளர் முதலில் பார்த்தது அதைத்தான். ஆனால் கேடயத்தையும் நான் மறைத்து வைக்கப் போவதில்லை. எங்கள் பெண்கள் அதை மில் வாசலில் வைத்துத் தினமும் துடைக்கிறார்கள்.

தெஹிவளைத் தம்பி, அந்த மன்னார் அம்மாவின் தொடர்பு இருந்தால் என்னோடு பேசச் சொல்லுங்கள். உணவுப் பொருள் செய்கிறவர்களுக்காக பீ.எம்.ஐ.சீ.எச். என்கிற பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபத்தில் வருடா வருடம் புரோஃபூட் புரோபேக் கண்காட்சி நடக்கிறது. தனியாக ஒரு கூடம் எடுப்பது எங்களைப் போன்றவர்களுக்குக் கஷ்டம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடுக்க முடியுமா என்று விசாரிக்கலாம். கருவாட்டு மணம் மசாலாவில் ஏறாமல் பொதியை இறுக்கி ஒட்ட வேண்டும், அதற்கான மெஷின் என்னிடம் இருக்கிறது. லேபலில் மூன்று மொழியும் போடச் சொல்லுங்கள், செய்த திகதியும் முடிவுத் திகதியும் தெளிவாக இருக்கட்டும். கொழும்புக்கு வரும்போது சாம்பிளோடு நேரே மில்லுக்கு வரட்டும், கிழமை நாட்களில் பின்னேரம் 5 மணிவரை இருப்போம்.