நான்கு வழிச்சாலையில் எதிர்த்திசையில் வரும் வண்டிகள்: எங்கிருந்து திருத்தத் தொடங்குவது?

கேள்வி: கோமுகிக்கரை

அனைவருக்கும் வணக்கம். உளுந்தூர்ப்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையை ஒட்டி, கள்ளக்குறிச்சிக்கும் சின்னசேலத்துக்கும் இடையில், சாலையின் தென்புறத்தில் எங்கள் ஊர் இருக்கிறது. ஊர்ச்சாலை நெடுஞ்சாலையில் சேரும் இடத்தில் மையத்தடுப்பில் திறப்பு கிடையாது. ஆகவே கள்ளக்குறிச்சிக்குப் போக வேண்டியவர் முறைப்படி இடப்பக்கம் திரும்பி, சின்னசேலம் திசையில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் சென்று, அங்குள்ள திறப்பில் வண்டியைத் திருப்பி, அதே தொலைவை மறுபுறமாகக் கடந்து வர வேண்டும். பெரும்பாலோர் அப்படிச் செய்வதில்லை. வலப்பக்கம் திரும்பி, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடியே ஓரத்து வெள்ளைக்கோட்டை ஒட்டி அரைக் கிலோமீட்டர் போய், பெட்ரோல் பங்க் அருகே இருக்கும் திறப்பில் மறுபுறம் கடந்துவிடுகிறார்கள்.

காலையில் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறவர்கள், மூன்று பிள்ளைகளை ஒரே வண்டியில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோகும் பெற்றோர், கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் என எல்லோருக்கும் இதுதான் வழி. இதை யாரும் தவறென்று நினைப்பதாகவே தெரியவில்லை. நான் சுற்றிக்கொண்டு போனால், “எதுக்குப்பா வீணா பெட்ரோலைக் கரியாக்குற?” என்று அக்கறையோடுதான் கேட்கிறார்கள். போன தை மாதம் எங்கள் தெருக்காரர் ஒருவர் அந்த அரைக் கிலோமீட்டருக்குள் கார் மோதி இறந்துபோனார். சில நாட்கள் எல்லோரும் சுற்றிப் போனார்கள். காரியம் முடிந்ததும் பழையபடி ஆகிவிட்டது.

வரும் கிராம சபையில் இதைப் பேச வேண்டும் என்று சிலர் முடிவு செய்திருக்கிறோம். போலீஸ் நின்று அபராதம் போட்டால் தானாகச் சரியாகும் என்பது ஒரு தரப்பு. ஊர் முகப்பில் தடுப்பை உடைத்துத் திறந்துவிட்டால் பிரச்சினையே இராது என்பது இன்னொரு தரப்பு. தீர்மானத்தில் எதைக் கேட்பது சரி, ஊராரிடம் எதைச் சொன்னால் மனதில் ஏறும் என்பதை விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: பழைய ஓட்டுநர்

தம்பி, அரசுப் பேருந்தில் பணிக்காலத்தின் பெரும்பகுதியைத் தொலைதூர வண்டிகளில் கழித்தவன் என்ற முறையில், எதிரே வருகிறவனுக்கு என்ன தெரிகிறது என்பதை முதலில் சொல்கிறேன். ஊராருக்கு அதைத்தான் நீங்கள் விளக்க வேண்டும்.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. எதிரே 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மொபெட் வந்தால் அதன் பங்கு 11 மீட்டர். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி விநாடிக்கு 39 மீட்டர் வீதம் குறைகிறது. இரவில் டிம் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிவதே 50 மீட்டர் அளவுதான் என்று வைத்துக்கொண்டால், காரோட்டிக்குக் கிடைப்பது ஒரு விநாடியும் கொசுறும். பார்த்து, இன்னதென்று புரிந்து, பிரேக்கில் கால் வைப்பதற்கே அது போதாது. அதே மொபெட் முறையான திசையில் அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தால் இடைவெளி விநாடிக்கு 17 மீட்டர்தான் குறையும். வேகத்தைக் குறைக்கவும் விலகவும் நேரம் இருக்கும்.

இன்னொன்று, இரவில் வெளிச்சம் தெரிந்தாலும் அது எந்தப் பக்கத்தில் வருகிறது என்று உடனே தெரியாது. நான்கு வழிச்சாலையில் எதிர்விளக்கு என்றாலே அது தடுப்புக்கு அப்பால் வருகிறது என்று எடுத்துக்கொள்ளக் கண் பழகிவிட்டது. சாலை லேசாக வளையும் இடங்களில் ஒற்றை விளக்கைப் பார்த்து, அது மறுபக்கத்து வண்டி என்றே எண்ணிக் கடைசி நொடியில் திடுக்கிட்டவர்கள் எங்கள் பணிமனையில் ஒருவர் இருவர் அல்ல.

இனி எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லியாக வேண்டும். கனரக லாரிகள் இடப்பக்கத் தடத்தில் போக வேண்டியவை. ஆனால் நம் சாலைகளில் அவை தடுப்பை ஒட்டிய வலத்தடத்தைப் பிடித்துக்கொண்டு 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் அசையாமல் போகின்றன. ஆரன் அடித்தாலும் விளக்கைப் போட்டுக் காட்டினாலும் விலகுவதில்லை. ஏன் அப்படி என்று லாரி ஓட்டுநரிடம் டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். இடப்பக்கம் போனால் எதிரே பைக் வருகிறது, ஓரத்தில் நின்றுபோன லாரி இருக்கிறது, ஊருக்கு ஊர் சோளம் காய்கிறது, ஆகவே வலப்பக்கமே நிம்மதி என்பார். இதன் விளைவு என்ன தெரியுமா? பின்னால் வேகமாக வரும் காரும் ஆம்னி பேருந்தும் லாரியை இடப்பக்கமாக முந்துகின்றன. லாரியின் மறைவிலிருந்து இடத்தடத்துக்குப் பாயும் அந்தக் கணத்தில்தான் உங்கள் ஊர்க்காரர் வெள்ளைக்கோட்டை ஒட்டி எதிரே வருகிறார். அவருக்குக் காரும் தெரிந்திருக்காது, காருக்கு அவரும் தெரிந்திருக்க மாட்டார். எதிர்த்திசையில் வருகிறவர் லாரியை வலத்துக்குத் தள்ளுகிறார், லாரி காரை இடத்துக்குத் தள்ளுகிறது, கார் வந்து மோதுவதோ அந்த எதிர்த்திசைக்காரர் மேல். ஒருவர் கெட்ட பழக்கம் இன்னொருவர் கெட்ட பழக்கத்தை வளர்க்கிறது என்பதை நான் அந்தச் சாலையில் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சாலைக்கே உரிய ஒரு கொடுமையும் உண்டு. நான்கு வழியாக்கியபோது ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் போன்ற ஊர்களின் புறவழிச்சாலைகளை மட்டும் இருவழியாகவே விட்டுவிட்டார்கள். தடுப்பு இருக்கிறது என்ற தைரியத்தில் நூறில் வந்தவன், புறவழிச்சாலை தொடங்கிய பிறகும் அதே கால் அழுத்தத்தில் முந்துவான். எதிரே வருகிறவனும் அப்படியே. நேருக்கு நேர் மோதி எத்தனை குடும்பங்கள் போயின என்பது அந்தப் பகுதிக்காரர்களுக்குத் தெரியும். அவற்றை அகலப்படுத்தும் வேலையே பல ஆண்டுகள் கழித்துத்தான் எடுக்கப்பட்டது.

என் கருத்து, முதலில் அபராதம்தான். எதிர்த்திசையில் ஓட்டுவது 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவின்படி அபாயகரமான ஓட்டுதல். முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு. சட்டம் இருக்கிறது, நிற்க ஆள்தான் இல்லை.

பதில் 2: சாலைப் பொறியாளர்

ஐயா சொன்ன கணக்கும், லாரிகளைப் பற்றிச் சொன்னதும் முற்றிலும் சரி. ஆனால் அபராதம் முதலில் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு ஊரின் எல்லா வயதினரும், எல்லா வகை வண்டிக்காரர்களும், ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் ஒரே விதியை மீறுகிறார்கள் என்றால், அதை ஒவ்வொருவரின் குணக்கேடு என்று தள்ளிவிட முடியாது. அரைக் கிலோமீட்டரில் கிடைப்பதற்கு மூன்று கிலோமீட்டர் சுற்று என்று சாலையை அமைத்துவிட்டு, அதிலும் ஒவ்வொரு நாளும் நான்கைந்து முறை போய் வர வேண்டிய பால்காரரிடம் ஒழுக்கத்தை எதிர்பார்ப்பது வடிவமைப்பு அல்ல. போலீஸ் நிற்கும் வரை சுற்றுவார்கள். போலீஸ் கிளம்பியதும் திரும்பிவிடுவார்கள். கார் மோதி ஒருவர் இறந்த பிறகும் சில நாட்களே மாற்றம் நீடித்தது என்று நண்பரே எழுதியிருக்கிறார்; மரணம் செய்யாததை ரசீதுப் புத்தகம் செய்யும் என்று நான் நம்பவில்லை.

அதற்காகத் தடுப்பை உடைக்கும் யோசனைக்கு எக்காரணம் கொண்டும் இடம் கொடுக்காதீர்கள். ஊர்ப்புறங்களில் இரண்டு திறப்புகளுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டருக்குக் குறையாத இடைவெளி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைப் பேராயத்தின் நான்கு வழிச்சாலை நெறிமுறை சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. திறப்பு என்பது வேகத்தடத்தின் நடுவில் வண்டிகள் நின்று காத்திருக்கும் இடம். நம் மையத்தடுப்புகள் பெரும்பாலும் நான்கைந்து மீட்டர் அகலம் கொண்டவை. ஒரு பைக் அதற்குள் அடங்கிவிடும். கரும்பு ஏற்றிய டிரெய்லரோடு டிராக்டர் வந்து நின்றால் அதன் வால்பகுதி பின்னாலிருக்கும் வலத்தடத்தை முழுதாக அடைத்து நிற்கும். பல டிரெய்லர்களில் பின்விளக்கும் இல்லை, பிரதிபலிப்பு நாடாவும் இல்லை. இருந்தாலும் கரும்புத் தோகை அதை மூடியிருக்கும். தடுப்பில் நட்ட அரளிச்செடி எதிர்விளக்குக் கூச்சத்தை மறைக்கிறது, ஆனால் திறப்பின் விளிம்பு வரை வளர்ந்துவிட்டால் கடக்க நிற்பவரையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது. எதிர்த்திசை விபத்தைத் தவிர்க்கப் போய்ப் பக்கவாட்டு மோதலை விலைக்கு வாங்கியது போலாகும்.

தீர்மானத்தில் கேட்க வேண்டியது அணுகுசாலை (சர்வீஸ் ரோடு). ஊர் முகப்பிலிருந்து பெட்ரோல் பங்க் திறப்பு வரையிலான அந்த அரைக் கிலோமீட்டருக்கு, நெடுஞ்சாலையிலிருந்து தடுப்புக் கம்பியால் பிரிக்கப்பட்ட இருவழி அணுகுசாலை கிடைத்துவிட்டால், இன்று எதிர்த்திசையில் போகும் அத்தனை பேரும் அதே வழியில், விதிக்கு உட்பட்டே போய்விடலாம். அருகில் வாகனச் சுரங்கப்பாதை ஏதேனும் இருந்தால் அணுகுசாலையை அதுவரை நீட்டக் கேளுங்கள்; நெடுஞ்சாலையைக் கடக்காமலே மறுபுறம் சேர முடிந்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. உடனடியாகச் செய்யக்கூடியவை என்று ஊர்ச்சாலை முகப்பில் வேகத்தடை, உயர்மின் விளக்கு, திறப்பின் இருபுறமும் செடிகளைத் தாழ வெட்டுதல் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மனு வெறும் கோரிக்கையாக இல்லாமல் ஆதாரத்தோடு இருக்கட்டும். தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டர் அளவுள்ள ஒரு பகுதியில், மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள் நடந்திருந்தாலோ, பத்துப் பேர் இறந்திருந்தாலோ அது விபத்துக் கரும்புள்ளி என்று வகைப்படுத்தப்படும். உங்கள் அரைக் கிலோமீட்டர் சரியாக அந்த அளவுதான். காவல் நிலையத்தில் பதிவான முதல் தகவல் அறிக்கைகளின் எண், தேதி, இடம் ஆகியவற்றைத் திரட்டி இணையுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின்படியும் கேட்டுப் பெறலாம். ஒரு நகல் நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநருக்கும், இன்னொன்று மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் என்ற முறையில் ஆட்சியருக்கும் போகட்டும். சாலை வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ உரிய தரத்தைப் பின்பற்றத் தவறி, அதனால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான நிறுவனத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு வழி செய்கிறது என்பதையும் மனுவில் ஒரு வரியில் குறிப்பிடலாம். அந்த வரி இருந்தால் கோப்பு நகரும்.

பதில் 3: செவிலி

ஊராரிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள் அண்ணா. விபத்துச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரிவதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். “பக்கத்துலதானே போறேன்” என்று கிளம்பியவர்களைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம். பக்கத்தில் என்பதால் தலைக்கவசம் போட மாட்டார்கள், போட்டாலும் தாடைப்பட்டையை மாட்ட மாட்டார்கள். ஆம்புலன்சில் ஆள் ஒருபுறம் வருவார், தலைக்கவசம் தனியாக ஒரு பையில் வரும். அதில் கீறல்கூட இருக்காது. மோதிய உடனே அது கழன்று பறந்திருக்கும். 2022-இல் மட்டும் தலைக்கவசம் அணியாததால் இந்தியாவில் இறந்தவர்கள் 50,000 பேர் என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் கொடுத்தது. அவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.

நேருக்கு நேர் மோதலில் முதலில் அடிபடுவது பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும் குழந்தை. தகப்பனின் உடம்பு பின்னாலிருந்து வந்து குழந்தையை ஹேண்டில் பாரோடு சேர்த்து நசுக்குகிறது. இதை விரிவாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் உங்கள் கிராம சபையில் பெண்கள் இருக்கும்போது கட்டாயம் சொல்லுங்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் அம்மா “சுத்திக்கிட்டுப் போனாத்தான் அனுப்புவேன்” என்று வாசலில் நின்று சொன்னால் கேட்காத கணவர் குறைவு. பதினெட்டு வயது நிறையாத பையனிடம் வண்டியைக் கொடுத்து அனுப்பி அவன் விபத்துக்குக் காரணமானால், பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

மற்றொன்றும் அவசியம். அடிபட்டவரைத் தூக்கினால் கேஸ் நம் மேல் வரும் என்று இன்னும் ஒதுங்கி நிற்கிறார்கள். உதவியவரை வழக்கில் சிக்கவைக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாக்கிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அடிபட்டவரிடம் பணம் கேட்கக் கூடாது. 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

கோமுகிக்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. முதல் தகவல் அறிக்கை விவரங்களைத் திரட்டும் வேலையைத் தொடங்கிவிட்டோம். ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. எங்களுக்கு மேற்கே உள்ள ஊரில் ஏற்கெனவே அணுகுசாலை இருக்கிறது. அறுவடைக் காலத்தில் அதன் பாதி அகலத்துக்கு மக்காச்சோளம் காயப்போட்டு, சுற்றிலும் கல்லை வைத்துவிடுகிறார்கள்; அள்ளிய பிறகும் கல் அங்கேயே கிடக்கிறது. பைக்குகள் மறுபடியும் நெடுஞ்சாலைக்கே ஏறுகின்றன. எங்களுக்கு அணுகுசாலை கிடைத்தாலும் அதே கதிதான் ஆகும் என்று சிலர் இப்போதே சொல்கிறார்கள்.

பதில் 4: சாலைப் பொறியாளர்

அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதனால் அதே தீர்மானத்தில் உலர்களமும் கேளுங்கள். களம் இல்லாத ஊரில் ஈரச்சோளத்தை வைத்துக்கொண்டு மழைக்குப் பயப்படுகிற விவசாயி, வெயிலில் காய்ந்து சூடேறிய தார்ச்சாலையை விட்டுவைக்க மாட்டார். ஊராட்சிப் புறம்போக்கில் சிமென்ட் களம் அமைத்துத் தர வேளாண் பொறியியல் துறையிடமோ ஊரக வளர்ச்சித் துறையிடமோ விண்ணப்பிக்கலாம். களம் வந்த பிறகும் சாலையில் கல் வைப்பவர் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லும் உரிமை அப்போதுதான் உங்களுக்கு முழுமையாக இருக்கும். பழைய ஓட்டுநர் ஐயா கேட்ட அபராதத்துக்கும் அந்தக் கட்டத்தில் நானே கையெழுத்துப் போடுவேன். கரும்பு டிரெய்லர்களுக்கு ஒட்டும் சிவப்பு நாடாவை அரவைக் காலம் தொடங்கும் முன்பே ஆலை வாசலில் ஒட்டிவிடும்படி ஆலை நிர்வாகத்துக்கும் ஒரு கடிதம் கொடுங்கள், தோகைக்கு மேலே, கண்ணில் படும் உயரத்தில்.