அலுவலகத்துக்கு கிட் நிறுவினோம்: பகிர்வு ஃபோல்டரில் வைத்ததும் பிழை மேல் பிழை, உதவி தேவை

பில்லிங்_ஈரோடு:

வணக்கம். ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்குப் பில்லிங் மென்பொருள் செய்து கொடுக்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. கோடு எழுதுபவர்கள் ஆறு பேர். ஐந்து பேரிடம் விண்டோஸ், ஒருவரிடம் உபுண்டு (லினக்ஸ்) லேப்டாப். கோடு முழுக்க ஒரு பழைய உபுண்டு கணினியில், சாம்பா மூலம் நெட்வொர்க்கில் எல்லாருக்கும் திறந்து வைத்த பகிர்வு ஃபோல்டரில் இருக்கிறது. விண்டோஸில் அதை இசட் டிரைவாக மேப் செய்திருக்கிறோம். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘ஃபைனல் ஜிஎஸ்டி சரி’ என்று ஃபோல்டர்கள் பெருகிக்கொண்டே போகின்றன.

2025 செப்டம்பரில் ரெடிமேட் துணிகளுக்கு 5% ஜிஎஸ்டியின் வரம்பு ₹1000-லிருந்து ₹2500 ஆனபோது ஒருவர் வரி விகிதக் கோப்பைத் திருத்தி வைத்தார். இன்னொருவர் தன்னிடம் இருந்த பழைய பிரதியை அதன் மேலேயே காப்பி செய்துவிட்டார். கடையில் பில் தப்பாக வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அதற்கப்புறம் முதலாளியே ‘வெர்ஷன் கண்ட்ரோல் போடுங்கள்’ என்று சொல்லிவிட்டார்.

கோடில் யார் எதை எப்போது மாற்றினார் என்று பதிவு வைக்கும் கிட் மென்பொருளை எல்லாரிடமும் நிறுவியாயிற்று. இசட் டிரைவில் இருந்த ஃபோல்டருக்குள்ளேயே ‘கிட் இனிட்’ கொடுத்துக் கிட் கிடங்கைத் தொடங்கி, முதல் கமிட்டும் (மாற்றப் பதிவு) போட்டோம். இப்போது மூன்று சிக்கல்கள்:

சிலருக்கு எந்தக் கட்டளை கொடுத்தாலும் ‘டிடெக்டட் டூபியஸ் ஓனர்ஷிப்’ என்று நின்றுவிடுகிறது. குளோன் (கிடங்கின் முழுப் பிரதி) எடுத்தவர்கள் தங்கள் மாற்றங்களைத் திருப்பி அனுப்பப் புஷ் செய்தால் ‘ரெஃப்யூசிங் டு அப்டேட் செக்டு அவுட் பிராஞ்ச்’ என்று வருகிறது. உபுண்டு லேப்டாப்காரர் ஒரே ஒரு வரியைத் திருத்தினாலும் கோப்பு முழுக்க மாறியதாகக் காட்டுகிறது.

‘சேஃப் டைரக்டரி’ அமைப்பில் (எந்த ஃபோல்டர்களை நம்பலாம் என்று கிட்டிடம் சொல்வது) நட்சத்திரக் குறி போட்டால் முதல் பிழை போய்விடும் என்று படித்தேன். போடலாமா?

கரிசல்_நிர்வாகி:

நட்சத்திரம் போடாதீர்கள் தம்பி. அந்தச் சோதனை சும்மா வந்ததில்லை. பலர் புழங்கும் கணினியில் வேறொருவர் மேல் ஃபோல்டரில் ஒரு கிட் கிடங்கை வைத்துவிட்டால், அதன் அமைப்புக் கோப்பில் எழுதியிருக்கும் கட்டளையை உங்கள் கிட் உங்கள் பெயரிலேயே ஓட்டிவிடும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2022 ஏப்ரலில் 2.35.2 பதிப்பில் இந்தச் சோதனையைக் கொண்டுவந்தார்கள். சாம்பா பகிர்வில் ஃபோல்டரின் உரிமையாளர் ஒருவர், விண்டோஸில் உள்நுழைந்தவர் வேறொருவர். அதனால்தான் கிட் சந்தேகப்படுகிறது. நட்சத்திரம் போட்டால் அந்தக் கணினியில் எல்லா ஃபோல்டருக்கும் சோதனை போய்விடும்.

உங்கள் முதல் இரண்டு பிழைகளுக்கும் காரணம் ஒன்றுதான். எல்லாரும் புஷ் செய்யும் பொதுக் கிடங்கில் யாரும் உட்கார்ந்து வேலை செய்யக் கூடாது. நீங்கள் வைத்திருப்பது வேலை செய்யும் ஃபோல்டர், உள்ளே கோப்புகள் திறந்து கிடக்கின்றன. வெளியிலிருந்து அதே பிராஞ்சுக்கு (கோடின் கிளை) புஷ் வந்தால் வரலாறு முன்னே போய்விடும், கோப்புகள் பழையதாகவே நிற்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர் தெரியாமல் கமிட் போட்டால் வந்த மாற்றம் அத்தனையும் திரும்ப அழியும். உங்கள் வரிக் கோப்புக்கு நடந்தது அப்படியே மறுபடி நடக்கும். கிட் மறுப்பது உங்களைக் காப்பாற்றத்தான்.

இப்படிச் செய்யுங்கள் (கட்டளைகளைத் தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்). அந்த உபுண்டு கணினியில் வேறு கணினியிலிருந்து பாதுகாப்பாக உள்நுழைய ஓபன் எஸ்எஸ்எச் சர்வர் நிறுவுங்கள். ‘கிட்’ என்ற பெயரில் தனியாக ஒரு பயனரை உருவாக்குங்கள். அந்தப் பயனராக உள்நுழைந்து, அவர் வீட்டு ஃபோல்டரில் ‘கிட் இனிட் --பேர் பில்லிங்.கிட்’ என்று கொடுங்கள். பேர் வகைக் கிடங்கில் வரலாறு மட்டும்தான் இருக்கும், திறந்த கோப்பு எதுவும் இருக்காது. ஆறு பேரும் ‘எஸ்எஸ்எச்-கீஜென்’ ஓட்டி, கடவுச்சொல்லுக்குப் பதிலாக உள்நுழையச் சாவி ஜோடி உருவாக்கி, அதில் பொதுச் சாவியைத் தரட்டும். அந்த ஆறு வரிகளையும் கிட் பயனரின் ‘ஆதரைஸ்டு கீஸ்’ கோப்பில் சேர்த்துவிடுங்கள். விண்டோஸுக்கான கிட்டிலேயே எஸ்எஸ்எச் வந்துவிடுகிறது, தனியாக எதுவும் தேவையில்லை.

எல்லாரும் ஒரே பயனராக நுழைந்தால் யார் எழுதியது என்று தெரியாமல் போகுமோ என்று பயப்பட வேண்டாம். கமிட்டில் விழும் பெயர் அவரவர் கணினியில் ‘யூசர்.நேம்’, ‘யூசர்.ஈமெயில்’ என்று கொடுத்ததுதான். அதை முதல் நாளே ஆறு பேரிடமும் சரிபார்த்துவிடுங்கள்.

இசட் டிரைவை இதற்கு மறந்துவிடுங்கள்.

தேனி_டெவ்:

மூன்றாவது சிக்கல் வரி முடிவுக் குறியால் வருவது. விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டு குறிகள் வைக்கும், லினக்ஸ் ஒன்றுதான் வைக்கும். விண்டோஸில் கிட் நிறுவும்போது இதைப் பற்றி ஒரு கேள்வி வரும். அதில் ஆளுக்கொரு பதில் கொடுத்திருப்பீர்கள்.

ஆள் ஆளாகப் போய் அமைப்பை மாற்றிக்கொண்டிருந்தால் புதிதாக வரும் ஏழாவது ஆளிடம் மறுபடி ஆரம்பிக்கும். கிடங்கின் வேர் ஃபோல்டரில் ‘.கிட்ஆட்ரிப்யூட்ஸ்’ என்ற கோப்பு வைத்து, ‘* டெக்ஸ்ட்=ஆட்டோ’ என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். அப்புறம் ‘கிட் ஆட் --ரீநார்மலைஸ் .’ கொடுத்து ஒரு கமிட். அந்த ஒரு கமிட்டில் மட்டும் நிறையக் கோப்புகள் மாறியதாகத் தெரியும், பரவாயில்லை. வேறு எந்தத் திருத்தத்தையும் அதனுடன் கலக்காதீர்கள்.

இன்னொன்றும் பாருங்கள். சி ஷார்ப் திட்டமாக இருந்தால் கம்பைல் செய்யும்போது தானாக உருவாகும் ‘பின்’, ‘ஆப்ஜ்’ ஃபோல்டர்களையும், தரவுத்தளக் காப்புக் கோப்புகளையும், கடைகளின் கடவுச்சொல் இருக்கும் கான்ஃபிக் கோப்பையும், கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றைப் பட்டியலிடும் ‘.கிட்இக்னோர்’ கோப்பில் போட்டீர்களா? கடவுச்சொல் ஏற்கெனவே கமிட்டில் போயிருந்தால், அடுத்த கமிட்டில் அழித்துப் பயனில்லை. வரலாற்றில் அது இருந்துகொண்டேதான் இருக்கும்.

பில்லிங்_ஈரோடு:

மிக்க நன்றி இருவருக்கும். சி ஷார்ப்தான். கான்ஃபிக் கோப்பு முதல் கமிட்டிலேயே போயிருக்கிறது, இரண்டு கடைகளின் கடவுச்சொற்களோடு. ‘பின்’ ஃபோல்டரும் உள்ளே இருக்கிறது.

சர்வரில் பேர் கிடங்கு தயார். ஆனால் ‘பெர்மிஷன் டினைட் (பப்ளிக் கீ)’ என்று வருகிறது. சாவியைச் சரியாகத்தான் ஒட்டியிருக்கிறேன். ஆதரைஸ்டு கீஸ் கோப்பை சூடோ (நிர்வாகி அதிகாரம்) போட்டு உருவாக்கினேன், அனுமதி 600.

கரிசல்_நிர்வாகி:

சூடோவில் உருவாக்கியதால் கோப்பு ரூட் (தலைமை நிர்வாகி) பெயரில் இருக்கும். 600 என்றால் ரூட் மட்டும்தான் படிக்க முடியும், கிட் பயனருக்குத் திறக்காது. அந்த எஸ்எஸ்எச் ஃபோல்டரையும் உள்ளே இருப்பதையும் ‘சௌன்’ கொடுத்து கிட் பயனர் பெயருக்கு மாற்றுங்கள். ஃபோல்டருக்கு 700, கோப்புக்கு 600. அவ்வளவுதான்.

முதல் கமிட் விஷயத்தில், உங்களிடம் இன்னும் பெரிய வரலாறு எதுவும் சேரவில்லை. அதனால் அந்தப் பழைய ‘.கிட்’ ஃபோல்டரைத் தூக்கிவிட்டு, இக்னோர் கோப்பையும் ஆட்ரிப்யூட்ஸ் கோப்பையும் முதலில் வைத்துப் புதிதாகத் தொடங்குங்கள். ஏற்கெனவே குளோன் எடுத்தவர்களும் அதை அழித்துவிட வேண்டும். ஒருவர் பழைய குளோனிலிருந்து புஷ் செய்தாலும் அந்தக் கோப்பு திரும்ப வந்துவிடலாம். கடவுச்சொற்களை எப்படியும் மாற்றுங்கள். கடைக்காரர் நம்பிக் கொடுத்தது அது, இன்றே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

நிலா_வடிவமைப்பு:

இடையில் ஒன்று. உங்கள் அலுவலகத்தில் பில் வடிவமைப்பு, லோகோ, எக்செல் விலைப்பட்டியல் போன்றவற்றைப் பலர் திருத்துவார்களா? அப்படியானால் கிட் அவற்றை மெர்ஜ் செய்து (இருவர் மாற்றங்களையும் இணைத்து) தராது, இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். நாங்கள் வடிவமைப்புக் கோப்புகளுக்கு மட்டும் இன்னும் சப்வெர்ஷன் என்ற வேறொரு வெர்ஷன் கண்ட்ரோல் மென்பொருளை வைத்திருக்கிறோம். ‘நீட்ஸ்-லாக்’ பண்பு போட்டால் பூட்டு எடுக்கும்வரை கோப்பு படிக்க மட்டுமே திறக்கும். ஒருவர் கையில் இருக்கும்போது மற்றவர் வீணாக உழைக்க வேண்டியதில்லை. கிட்டுக்குள்ளேயே வேண்டுமென்றால் பெரிய கோப்புகளுக்கான எல்எஃப்எஸ் துணைநிரலிலும் பூட்டு வசதி உண்டு.

பில்லிங்_ஈரோடு:

சௌன் கொடுத்ததும் சாவி வேலை செய்துவிட்டது அண்ணா. புதிதாகத் தொடங்கி ‘மெயின்’ பிராஞ்சைப் புஷ் செய்தேன். கடைக்காரர்களிடம் பேசி இரண்டு கடவுச்சொற்களையும் மாற்றியாயிற்று. நிலா அக்கா, எக்செல் கோப்பை ஒரே ஒருவர்தான் தொடுவார், அதனால் இப்போதைக்குக் கிட்டிலேயே இருக்கட்டும்.

ஆனால் மற்றவர்கள் குளோன் எடுத்தால் ஃபோல்டர் காலியாக வருகிறது! ‘ரிமோட் ஹெட்’ இல்லாத ஒன்றைக் காட்டுகிறது என்கிற மாதிரி ஒரு எச்சரிக்கை. அதோடு, ‘விலைப்பட்டியல்’ என்று தமிழில் பெயர் வைத்த கோப்பு ஸ்டேட்டஸில் \340\256\265\340\256\277 என்று நீளமாக எண்களாக வருகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

தேனி_டெவ்:

இரண்டுமே கெடவில்லை. சர்வரில் கிடங்கு உருவானபோது ஹெட் (குளோன் எடுத்ததும் எந்தப் பிராஞ்ச் திறக்க வேண்டும் என்ற குறி) ‘மாஸ்டர்’ பிராஞ்சைக் காட்டும்படி அமைந்திருக்கிறது, நீங்கள் புஷ் செய்தது ‘மெயின்’. சர்வரில் பில்லிங்.கிட் ஃபோல்டருக்குள் போய் ‘கிட் சிம்பாலிக்-ரெஃப் ஹெட் ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மெயின்’ கொடுங்கள். மறுபடி குளோன் எடுத்தால் கோப்புகள் வரும்.

அந்த எண்கள் உங்கள் தமிழ் எழுத்தேதான். யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டுகள். கிட் அவற்றை எட்டின் அடி எண் முறையில் எழுதிக் காட்டுகிறது: 340 256 265 என்பது ‘வ’, அடுத்த மூன்றும் அதன் மேல் வரும் இகரக் குறி. ‘கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.கோட்பாத் ஃபால்ஸ்’ என்று ஆறு பேரும் ஒரு முறை கொடுத்தால் பெயர் தமிழிலேயே தெரியும். கோப்புப் பெயரைத் தமிழில் வைப்பதை இதற்காக நிறுத்தாதீர்கள்.

பில்லிங்_ஈரோடு:

இரண்டும் சரியாகிவிட்டது. ஆறு பேரும் குளோன் எடுத்துவிட்டார்கள். உபுண்டுக்காரர் ஒரு வரி திருத்தினால் இப்போது ஒரு வரிதான் காட்டுகிறது. கடைசியாக ஒன்று: அந்தப் பழைய கணினி படுத்துவிட்டால்?

கரிசல்_நிர்வாகி:

ஒவ்வொருவர் குளோனிலும் வரலாறு இருக்கும். ஆனால் யாரிடம் கடைசி நிலை இருக்கிறது என்று அன்றைக்குத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் ‘கிட் குளோன் --மிரர்’ எடுத்து வைத்து, தினமும் இரவு ‘கிட் ரிமோட் அப்டேட்’ ஓடும்படி கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் வசதி) போடுங்கள். புஷ் செய்யாத வேலை அவரவர் கணினியில் மட்டும்தான் இருக்கும். அதனால் மாலையில் கிளம்புமுன் புஷ் செய்யச் சொல்லுங்கள், வேலை பாதியில் நின்றாலும் சரி, தனிப் பிராஞ்சில். இசட் டிரைவில் இருக்கும் அந்த ‘ஃபைனல்’ ஃபோல்டர்களைப் படிக்க மட்டும் என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது பழக்கத்தில் அங்கே போய்த் திருத்துவார்கள்.