4 அடி கடல்நீர்த் தொட்டி, கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு: அடிமணலை என்ன செய்றது?

பேராதனை_ரீஃப்
வீடு மாறுறோம். கம்பளை, புசல்லாவ, றம்பொடை வழியா லொறியில் போகணும். தொட்டி 4 x 1.5 x 1.5 அடி, ஓட ஆரம்பிச்சு நாலு வருஷம். அடியில் 3 அங்குலம் அரகொனைட் (சுண்ணாம்பு வகை) மணல், முன்கண்ணாடி ஓரமா கீழே கறுப்புத் திட்டு தெரியுது. லைவ் ரொக் (பக்டீரியா குடியிருக்கிற கடல் கல்) சுமார் 25 கிலோ, ஒரு சோடி க்ளவுன் மீன், மணலுக்குள்ள தூங்குற மஞ்சள் ராஸ் மீன் ஒண்ணு, நத்தைகள், கொஞ்சம் மென்பவளம். தண்ணியை மட்டும் இறக்கிட்டு மணலோட தூக்கிடலாம்னு லொறிக்காரர் சொல்றார். அமோனியாவைச் சிதைக்கிற பக்டீரியா எல்லாம் மணல்லதான் இருக்கு, கழுவவே கூடாதுன்னு இன்னொருத்தர். மூணு வாரம் டைம் இருக்கு. எதைச் செய்றது?

கடலடி
மணலோட தூக்கவே வேண்டாம். 120 x 45 செ.மீ. அடிப்பரப்பில் 7.5 செ.மீ. உயரம்னா 40 லீட்டர். ஈரத்தோட லீட்டருக்கு 1.8 கிலோவுக்குக் குறையாது, ஆக 70 கிலோவுக்கு மேல. மேசையில் மட்டமா நிக்கும்போது அந்தப் பாரம் ஒண்ணும் செய்யாது. தூக்கும்போது நாலு மூலையும் சேர்ந்து எழும்பாது, அடிக்கண்ணாடி முறுக்கும், சிலிக்கன் மூட்டு விடும். அன்னைக்கே ஒழுகாட்டியும் நிரப்பி ரெண்டு நாள் கழிச்சு ஒழுகலாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து உள்ளே இருக்கிறது. மேல் ஒரு அங்குலத்துக்குத்தான் ஒட்சிசன் கிடைக்குது. அதுக்குக் கீழே நாலு வருஷக் கழிவு அடைஞ்சிருக்கு. அந்தக் கறுப்புத் திட்டு இரும்பு சல்பைட், அது இருக்கிற இடத்தில் ஹைட்ரஜன் சல்பைட்டும் இருக்கும், கிளறினா அழுகின முட்டை வாசம் வரும். இதெல்லாம் ஒரே நேரத்தில் தண்ணியில் கலந்தா ஒட்சிசன் இறங்கும், அமோனியா ஏறும். கடல்நீர் பிஎச் 8.2ல் அமோனியாவின் விஷப் பங்கு நன்னீரைவிட அதிகம், கொஞ்சமே போதும் மீனைக் கொல்ல.

பக்டீரியா பற்றிக் கவலை வேண்டாம். ரொக்கிலும் அது இருக்கு, 25 கிலோ ரொக்கை ஈரமா, கதகதப்பா கொண்டுபோனா இந்த மீன்களுக்கு அது தாராளம்.

மூணு வாரம் இருக்கிறது நல்லது. வாரத்துக்கு மூணில் ஒரு பங்கு, தண்ணி மாத்தும்போது முக்கால் அங்குல ஹோஸால் மணலை அப்படியே உறிஞ்சி வாளிக்கு எடுங்க. கறுப்பு இடத்தைக் கிளறாம ஹோஸ் வாயை நேரா அதுக்குள்ள குத்தி எடுக்கணும். ராஸ் தூங்குற மூலையைக் கடைசி நாளுக்கு விடுங்க.

லிந்துலை_நீர்
கழுவுறது பற்றி. வாளியில் மூணில் ஒரு பங்கு மணல் போட்டு, ஹோஸை அடிவரைக்கும் விட்டு, கையால் புரட்டிக்கிட்டே வழியவிடுங்க. முதல்ல கொக்கோ தண்ணி மாதிரி வரும். கை எடுத்த பத்து செக்கனில் வாளி அடி தெரியும்வரை நிறுத்தக்கூடாது. அரைகுறையா கழுவினதுதான் ரொம்ப மோசம், செத்த புழுவும் கழிவும் உள்ளேயே நின்னு அமோனியாவா வரும். குழாய்த் தண்ணி போதும், ஆனா குளோரின் இருக்கிறதால் கடைசி அலசல் ஆர்ஓ (வடிகட்டிச் சுத்தமாக்கின) தண்ணியில் செய்யுங்க. கறுத்த மணல் காத்துப் பட்டதும் வெளுத்துடும், அதை வீசத் தேவையில்ல.

கழுவினதைக் கண்டி வெயில்லயே விரிச்சுக் காயவைங்க. நுவரெலியாப் பனியிலும் மழையிலும் அது காயாது. ஈரத்தோட மூடி வெச்ச வாளி ஒரு வாரத்தில் திரும்ப நாறும்.

ரீஃப்_பதுளை
எல்லாத்தையும் கழுவணும்ங்கிறதை நான் முழுசா ஏத்துக்கல. மேல் அரை அங்குலத்தில் ரெண்டு கப் மட்டும் கழுவாம எடுங்க. சின்னப் புழு, கோப்பிபாட் (பொடி இறால் மாதிரி உயிர்) எல்லாம் அதுலதான், அது புது இடத்தில் விதை மாதிரி. கடைசி நாள் காலையில் எடுத்து, தொட்டித் தண்ணி விட்டு, அகலமான டப்பாவில் ஒரு அங்குலத்துக்கு மேல் உயராம கொண்டுபோகணும். ஆழமா நிரப்பினா வழியிலேயே மூச்சடைச்சுச் செத்துடும்.

இன்னொண்ணு, மணல் குறையுதுன்னு கடற்கரையில் அள்ளாதீங்க. அனுமதியில்லாம எடுக்கிறது சட்டச் சிக்கல். நம்ம கரை மணல் நிறைய இடத்தில் சிலிக்கா, அது பிஎச் இறங்காம பிடிச்சு வைக்காது. புல்மோட்டைப் பக்கம் கறுப்பு இல்மனைட் (இரும்பு, டைட்டானியம் கலந்த மணல்) வேற.

கடலடி
ரெண்டு கப்னா சரி தம்பி. கறுப்புக்குப் பக்கத்தில் எடுக்காதீங்க, அவ்வளவுதான்.

பேராதனை_ரீஃப்
நன்றி அண்ணே. போற நாள் ஒழுங்கு எப்படி? அங்கே குளிர்லயும் பயமா இருக்கு.

லிந்துலை_நீர்
எதையும் தொடுறதுக்கு முன்னாடி மேல் தண்ணியில் 60 சதவீதத்தைக் கேன்களில் எடுங்க. கழுத்துவரை நிரப்பினா வளைவுகளில் அலம்பாது. பிறகு ரொக், தண்ணிக்குள்ள முழுக. அப்புறம் பவளம், மீன் கடைசி. ராஸ் ஓட்டம் காட்டும், மிச்ச மணலைக் கையால் மெதுவாத் தடவினா வெளியே வரும். மணலை எடுத்த பிறகு அடியில் மிஞ்சுற கலங்கல் தண்ணியைக் கொட்டிடுங்க.

மீன் பையை இறுக்கிக் கட்டக்கூடாது. கண்டி சுமார் 500 மீற்றர், நுவரெலியா 1868. ஏற ஏறக் காத்தழுத்தம் குறைஞ்சு பைக்குள்ள காத்து ஆறில் ஒரு பங்கு வரை விரியும். தளர்வாக் கட்டி ரெஜிபோம் பெட்டியில் போடுங்க. அதே வெப்பநிலையில் தண்ணியில் கரையக்கூடிய ஒட்சிசனும் அங்கே கண்டியைவிட சுமார் 15 சதவீதம் குறைவு, அதனால் பற்றரி எயார் பம்ப் கட்டாயம் வேணும்.

குறையிற 80 லீட்டருக்கு உப்பு சுமார் 3 கிலோ. அங்கே குழாய்த் தண்ணி 16 பாகை இருந்தா, 26க்கு ஏத்த 300 வாட் ஹீட்டருக்கு மூணு மணித்தியாலத்துக்கு மேல ஆகும். போறதுக்கு முதல் நாளே அங்கே கலக்கி வைக்க ஆள் இருந்தா நல்லது. உப்பு அளவைச் சூடேறின பிறகே பாருங்க, குளிர்ந்த தண்ணியில் உப்பு அளக்கிற ஹைட்ரோமீற்றர் அளவை அதிகமாக் காட்டும்.

கடலடி
இறக்கினதும் முதல்ல ரொக்கை வெறுங்கண்ணாடி மேல வைங்க, அப்புறம் மணல். மணல் மேல ரொக் வெச்சா ராஸ் தோண்டினதும் சரியும். தண்ணி பாதி நிரம்பினதும் 2 அங்குல பிவிசி குழாயை அடிக்கு இறக்கி, அது வழியா மணலைக் கொட்டினா கலங்கல் குறையும். ரெண்டு அங்குலம் போதும், ராஸுக்கும் அது காணும். ரெண்டு கப் உயிர் மணலை மேலாகத் தூவுங்க.

தண்ணி தெளியும்வரை மீன் ஹீட்டரும் எயாரும் போட்ட பெட்டியில் இருக்கட்டும். மீனை விடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை அமோனியா பாருங்க, அப்புறம் ஒரு வாரம் தினமும். 0.25 பிபிஎம் (லீட்டருக்கு மில்லிகிராம்) காட்டினா உடனே 25 சதவீதம் தண்ணி மாத்தணும். அந்த வாரம் தீனி பாதி அளவுக்குக் கூடாது, கழிவை நுரையா எடுக்கிற ஸ்கிம்மர் நிக்கக் கூடாது.