கசிவு நிலத்தில் தொங்கு வில்லோ: போத்து நடுகிறவர்களுக்கு

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இருந்து, ஊர் வாரியாகக் குறிப்புகள்.

கேத்தி

வீட்டுக்குக் கீழே ஓதம் காயாத பள்ளம், எதை வைத்தாலும் வேர் அழுகுகிறது என்று மலையில் பலரும் கேட்பதுண்டு. அந்த மாதிரி இடத்துக்கென்றே அமைந்த மரம் தொங்கு வில்லோ. நீர் தேங்கிய மண்ணில் மற்ற மரங்களின் வேருக்கு மூச்சு முட்டும். வில்லோவின் வேருக்குள் காற்று போய்வர வழி உண்டு. ஆண்டுக்கு 4 முதல் 6 அடி வரை உயரும். கடைசியில் 40, 50 அடி உயரமும் ஏறக்குறைய அதே அகலமும் பிடிக்கும்.

நாற்று வாங்கவே வேண்டாம். பட்டைக்கு அடியில் வேர் முளைகள் உறங்கிக் கிடப்பதால் போத்து, அதாவது வெட்டிய கிளைக் குச்சி, வைத்தாலே பிடித்துக்கொள்ளும். போன ஆண்டு துளிர்த்து முற்றிய கிளையில் பென்சில் கனத்துக்கு ஒரு அடி நீளக் குச்சி எடுங்கள். அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் நுனியைத் தட்டையாகவும் வெட்டிவிட்டால் தலைகீழாக நட்டுவிடும் தவறு வராது. முக்கால் பங்கு மண்ணுக்குள் போக வேண்டும், இரண்டு மூன்று கணு வெளியே நின்றால் போதும். அன்றைக்கே நட முடியாவிட்டால் வாளித் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள், காய்ந்த குச்சி பிடிக்காது.

உறைபனி விழும் பள்ளத்தாக்குகளில் மாசி பிற்பாதி வரை பொறுங்கள். வளர்ந்த மரத்தைப் பனி ஒன்றும் செய்யாது. புதுத் துளிர்தான் ஒரே இரவில் கருகும்.

குன்னூர்

மேலே சொன்ன முக்கால் பங்குக் கணக்கு சின்னக் குச்சிக்குத்தான். 6 அடி நீளம், மணிக்கட்டுக் கனத்தில் போத்து நட்டால் 2 அடி உள்ளே இறக்கினால் போதும். கடப்பாரையால் துளை போட்டுவிட்டு இறக்குங்கள், அடித்து இறக்கினால் பட்டை உரிந்து அந்த இடம் அழுகும். காட்டுமாடு வரும் தோட்டமானால் பெரிய போத்துக்கும் கம்பிவலை கட்டாயம். உரசியே சாய்த்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் இடம். வேர் ஆழமாகப் போகாது, மேலாகவே கிளையின் வீச்சைத் தாண்டி ஓடும். நல்ல குழாயை அது உடைப்பதில்லை. இணைப்பில் ஈரம் கசிந்தால் மயிரிழை வேராக நுழைந்து உள்ளே சடையாகத் திரண்டு அடைக்கும். பழைய மண்குழாய், சிமெண்ட் குழாய், செப்டிக் டேங்க், வீட்டு அஸ்திவாரம் இவற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி வையுங்கள். 10 சென்ட் மனையில் இதற்கு இடமில்லை. பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம். மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-இலிருந்து இருக்கிறது, மரத்தைச் சாய்க்குமுன் அனுமதி கேட்க வேண்டிவரும்.

கொடைக்கானல்

தாவரவியலாளர் லின்னேயஸ் பாபிலோன் பெயரைச் சூட்டினாலும் இது வட சீனத்து மரம், குளிர் இதற்குப் புதிதல்ல. காற்றுதான் எதிரி. கட்டை மெத்து, கிளை சட்டென்று ஒடியும். அதனால் ஆரம்பத்திலேயே ஒரே தண்டாக ஏற்றுங்கள். 8 அடி மூங்கில் நட்டு, நேரான துளிர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் புதராகத் தரையில் படரும். கட்டுவதற்குச் சணல் அல்லது துணிப்பட்டை போதும், கம்பி வேண்டாம். தண்டும் மூங்கிலும் உரசாதபடி நடுவில் ஒரு முறுக்கு விட்டுக் கட்டி, மாதம் ஒருமுறை தளர்த்துங்கள். தண்டு பருக்கும் வேகத்தில் கட்டு பட்டையை வெட்டிவிடும், அடுத்த ஐப்பசி மழைக்காற்றில் சரியாக அந்த இடத்திலேயே முறியும்.

இலை கொட்டி நிற்கும்போது கவாத்து செய்யுங்கள். காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, ஆள் தலைக்குக் கீழே தொங்குவது, இவ்வளவுதான் எடுக்க வேண்டும். 2 அங்குலத்துக்கு மேல் கனத்த கிளையை வெட்டினால் காயம் மூடத் தாமதமாகி உள்ளே சொத்தை விழும்.

சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்தால் அதன் தேன்கழிவில் கரும்பூசணம் படர்ந்து இலை கறுக்கும். இளங்கன்றுக்கு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி திரவ சோப்பு கலந்து இலையின் அடியில் படும்படி அடித்தால் போதும். பெரிய மரத்தை விட்டுவிடுங்கள், மழை கழுவிவிடும்.

கோத்தகிரி

ஒரு வேண்டுகோள். ஓதமான இடமெல்லாம் வீணான இடமல்ல. சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே இருக்கும் சதுப்பில் இதை நடவே கூடாது. நீலகிரியின் கரிமண் சதுப்புகளில் 20,000 ஆண்டுக்கும் பழைய அடுக்குகள் உண்டு. நீரைப் பிடித்து வைத்துக் கோடையில் ஓடைக்கு விடுவது அவைதான். கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) வைத்துப் புல்வெளியை இழந்தது போதும். வில்லோ வீட்டுக் குட்டைக்கரையோடு நிற்கட்டும்.

ஓடைக்கரை என்றால் நம் மண்ணுக்கே உரிய வில்லோ இருக்கிறது, ஆற்றுப்பாலை. கிளை தொங்காது, அழகு கொஞ்சம் குறைவுதான். ஆனால் கரையைப் பிடித்து நிற்கும். அதையும் போத்து வைத்தே வளர்க்கலாம்.

கவாத்துக் கழிவை ஓடையில் தள்ளாதீர்கள். ஒடிந்த குச்சி எங்கே ஒதுங்குகிறதோ அங்கே வேர்விடும். மேட்டில் வெயிலில் பரப்பி, முறித்தால் படக்கென்று ஒடியுமளவு காய்ந்தபின் அடுப்புக்கு எடுங்கள்.