பழங்குடிப் புகைப்படக் கலைஞர்கள் பற்றி உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. வட அமெரிக்கப் பழங்குடிக் கலைஞர்கள் புகைப்படம் வழியாகத் தங்கள் வரலாற்றை மீட்டெடுப்பது பற்றிக் கட்டுரை எழுதுகிறேன்.

எங்கே தேடினாலும் முதலில் வருவது, பழங்குடியினரைப் படமெடுத்த வெள்ளை அமெரிக்கரான எட்வர்ட் கர்ட்டிஸின் படங்கள்தான். அழகானவை, சரி. ஆனால் 1910-இல் பீகன் என்ற பழங்குடியினரின் கூடாரத்தில் எடுத்த படத்தில், இருவருக்கு நடுவே இருந்த கடிகாரத்தைப் படத்திலிருந்தே அழித்துவிட்டார்; நவீனப் பொருள் எதுவும் தெரியக் கூடாதாம். அவர் படங்களை மட்டும் நம்பி எப்படி எழுதுவது?

குரோ பழங்குடி இனத்தைச் சேர்ந்த வெண்டி ரெட் ஸ்டார் 2014-இல் செய்த வேலை என்னை உலுக்கிவிட்டது. 1880-இல் வாஷிங்டன் சென்ற குரோ தலைவர்களின் படங்கள்மேல் சிவப்பு மையில் குறிப்பு எழுதியிருக்கிறார். சட்டையில் தொங்கும் எர்மின் (கீரி போன்ற சிறு விலங்கு) தோல், எதிரியின் துப்பாக்கியைப் பறித்ததற்கான அடையாளமாம். வெறும் அலங்காரம் என்றல்லவா கடந்து போயிருப்போம்!

அப்புறம், நவஹோ கலைஞர் வில் வில்சன். ரசாயனம் பூசிய தகடு ஈரமாக இருக்கும்போதே படம்பிடிக்கும் பழைய ஈரத்தட்டு முறையில் படமெடுத்து, அசல் தகட்டை எதிரே அமர்ந்தவருக்கே கொடுத்துவிடுகிறார்.

இதுபோன்ற வேறு கலைஞர்களைத் தெரிந்தால் சொல்லுங்கள், குறிப்பாகக் கனடாவில் இருப்பவர்களை. இன்னொன்று: இத்தகைய படத்தைக் கட்டுரையில் சேர்க்கக் கலைஞரின் அனுமதி போதுமா, அவருடைய சமூகத்திடமும் கேட்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் அவசியம் எழுதுங்கள்.